தனி அறையா, கூட்டு வகுப்பா, பக்கத்தில் ஓர் ஆளா? ஒரு சிறப்பாசிரியரின் நேரத்தைப் பங்கிடும் கணக்கு

ஒரு பள்ளி, ஒரே ஒரு சிறப்பாசிரியர், அதாவது படிப்பில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளுக்கான ஆசிரியர். ஆறு வகுப்புகளில் பதினான்கு பிள்ளைகள். ஆறு பேருக்கு வாசிப்பு வரவில்லை. மூன்று பேருக்குக் கவனம் நிலைப்பதில்லை. இரண்டு பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். ஒரு சிறுமி காது கருவி போட்டிருக்கிறாள். மீதி இரண்டு பேர் எல்லாப் பாடத்திலும் மெதுவாக வருகிறவர்கள். கல்வியாண்டு தொடங்கும்போது இப்படியொரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடக்கும். தலைமையாசிரியர் கேட்பார்: "சரி, இவங்களை எங்க உட்கார வைக்கலாம்?"

இந்தக் கூட்டத்தில் நான் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வகுப்பாசிரியராக, பிறகு சிறப்பாசிரியராக. பேச்சில் அடிபடும் வழிகள் எப்போதும் நான்குதான். பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. சிறப்பாசிரியரே வகுப்புக்குள் வந்து வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்துவது இன்னொன்று. பிள்ளையின் பக்கத்தில் ஓர் உதவியாளரை, பலரும் ஷேடோ டீச்சர் என்று சொல்கிறோமே, அவரை உட்கார வைப்பது மூன்றாவது. சிறப்பாசிரியர் நேரடியாகப் பாடம் நடத்தாமல், வகுப்பாசிரியருக்கு யோசனை சொல்லிப் பின்னால் நிற்பது நான்காவது.

எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியை எடுத்தாலும், அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பேச டைம்டேபிளில் இடம் இல்லையென்றால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வழியிலும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதோடு, பெரியவர்களிடமிருந்து எத்தனை நிமிடம் அது பிடுங்கும் என்பதையும் சேர்த்தே எடை போடப்போகிறேன்.

1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்காவில் 92 அரசுகளும் 25 சர்வதேச அமைப்புகளும் கூடி, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் வந்த ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24-ஆம் பிரிவில் அதை நாடுகளின் கடமையாகவே எழுதியது. வாசல் திறந்தது. உள்ளே வந்த பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் யார் என்ன செய்வது என்பது அந்த ஆவணங்களில் கிடையாது.

தனி அறை

இதைப் பழைய முறை என்று இன்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்பதை வரிசை பிசகாமல், வெளிப்படையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தால் அந்த நொடியே திருத்த வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பின் மூலையில், முன்னால் ஒருவர் வரலாறு நடத்திக்கொண்டிருக்கும்போது, இது நடக்கிற காரியமல்ல. அப்புறம் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் எல்லார் முன்னாலும் எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டான். மூன்று பேர், ஒரு சின்ன மேசை, சாத்திய கதவு என்றால் வாயைத் திறப்பான்.

ஆனால் அவன் திரும்பி வரும் காட்சியும் எனக்குத் தெரியும். வகுப்பாசிரியராக இருந்த காலத்தில் வாரத்துக்கு மூன்று முறை பார்த்தது. கதவருகே ஒரு நிமிடம் நிற்பான். கரும்பலகையில் பாதி அழிந்திருக்கும். பக்கத்துப் பையனிடம் "எந்தப் பக்கம்?" என்று கிசுகிசுப்பான். அவன் பக்க எண்ணைக் காட்டுவான், அதற்குள் நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். ஒருநாள் அவன் உட்கார்ந்ததும், கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதாக நினைத்து, ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். 'மடு' என்றிருந்ததை 'மாடு' என்றான். பின்வரிசையில் சிரிப்பு. அதற்கு முந்தைய நாற்பது நிமிடம் அவன் அந்தத் தனி அறையில் குறிலையும் நெடிலையும்தான் பிரித்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான்: கல், கால், படு, பாடு, மடு, மாடு. எனக்கு இது இரண்டு மாதம் கழித்து ஸ்டாஃப் ரூமில் தற்செயலாகத்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பத்தியிலிருந்து இரண்டு வரியை முதல்நாளே அவனிடம் கொடுத்து, தயாராகி வரச் சொல்லியிருப்பேன். அங்கே பழகியது இங்கே வந்து ஒருமுறையாவது ஜெயித்திருக்கும்.

அறையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த அறைக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு துண்டுச் சீட்டு கூடப் போய் வரவில்லை என்பதுதான் குறை.

இன்னொன்று, எந்த பீரியடிலிருந்து அழைத்துப் போவது? விளையாட்டு, ஓவியம், பாட்டு என்று எடுத்தால் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார், அதனால் அதையே எடுப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அந்த நாளில் நன்றாக வருகிற ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு வாசிப்பைக் கொடுத்தால் வாசிப்பைத்தான் வெறுப்பார்கள்.

தனி அறைக்குப் போகும் பிள்ளைமேல் முத்திரை விழுகிறதே என்ற பயத்துக்குப் பின்லாந்து ஒரு பதில் வைத்திருந்தது. அங்கே பல வருடங்களாக, அடிப்படைக் கல்வியில் இருக்கும் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பகுதிநேரமாகச் சிறப்பாசிரியரிடம் போய்வந்திருக்கிறார்கள். அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. சில வாரம் ஒரு சிக்கலுக்காகப் போவது, சரியானதும் நின்றுவிடுவது. இத்தனை பேர் போகும் அறைக்குப் பெயர் வைத்துக் கேலி செய்வது கடினம். நம் பள்ளிகளில் அந்த அறைக்குள் ஒருமுறை போன பிள்ளை பத்தாம் வகுப்பு வரைக்கும் வெளியே வருவதில்லை என்பதுதான் சங்கடம். போகும்போதே திரும்பும் தேதியைக் குறித்துவிட வேண்டும்.

பெரியவர்களிடம் கேட்கும் நேரம்: வாரத்துக்குப் பத்து நிமிடமும் ஒரு குறிப்பும் போதும். நான்கு வழிகளில் மலிவானது இதுதான்.

இரண்டு ஆசிரியர், ஒரு வகுப்பு

கேட்க அழகாக இருப்பது இது. செய்து பார்த்தால் மிகச் சிரமமும் இதுதான். அமெரிக்கச் சிறப்புக் கல்வியாளர்கள் மர்லின் ஃப்ரெண்ட், லின் குக் இருவரும் கூட்டுக் கற்பித்தலை ஆறு வடிவங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் நடத்த மற்றவர் கவனித்துக் குறிப்பெடுப்பது. ஒருவர் நடத்த மற்றவர் நடந்து உதவுவது. அறையில் வெவ்வேறு வேலை வைத்த இடங்களுக்கு, அதாவது நிலையங்களுக்கு, பிள்ளைகள் குழுவாக மாறி மாறிப் போவது. வகுப்பை இரண்டாகப் பிரித்து இருவரும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்துவது. ஒரு சிறு குழுவை மட்டும் ஒருவர் கொஞ்ச நேரம் தனியே எடுத்துக்கொள்வது. இருவரும் ஒரே பேச்சாக, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டு நடத்துவது.

ஆறு இருந்தாலும் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். 2007-இல் ஸ்கிரக்ஸ், மாஸ்ட்ரோபியேரி, மெக்டஃபி என்ற மூன்று ஆய்வாளர்கள், கூட்டு வகுப்புகளை நேரில் பார்த்து எழுதப்பட்ட 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது: வகுப்பாசிரியர் நடத்துகிறார், சிறப்பாசிரியர் பெரும்பாலும் துணைக்கு நிற்கிறார். ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது சேர்ந்து திட்டமிட நேரம்.

நான் சிறப்பாசிரியராகி, முதன்முதலில் ஒரு கணக்கு வகுப்புக்குள் போனபோது எனக்கும் இதே கதைதான். பென்சில் சீவிக் கொடுத்தேன், நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், "பேசாதே" என்று சைகை காட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு குட்டிப் பெண் கேட்டாள்: "மிஸ், நீங்க டீச்சரா, ஹெல்ப்பரா?" அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அன்று மாலை அந்தக் கணக்கு ஆசிரியரிடம், "சார், நாளைக்கு முதல் பத்து நிமிஷம் நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் தயங்கினார். தயக்கம் நியாயம்தான். நான் எதை எடுக்கப்போகிறேன் என்று அவருக்கும் தெரியாது, அவர் எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று எனக்கும் தெரியாது.

ஒழுங்காக நடந்தால் இதற்கு ஈடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலையங்களாகப் பிரித்த ஒரு பின்ன வகுப்பில், பட்டியலில் பெயரே இல்லாத நான்கு பிள்ளைகள் அரையும் நாலில் இரண்டும் ஒரே அளவு என்பதை முதல்முறையாகப் பிடித்துக்கொண்டதை அங்கே நின்று பார்த்தேன். யார் யாருக்காக வந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. வகுப்பாசிரியருக்கும் ஒரு லாபம்: ஒரு கட்டளையைச் சிறப்பாசிரியர் மூன்று சின்னக் கட்டளையாக உடைத்துச் சொல்வதைக் கண்ணெதிரே பார்க்கிறார். அடுத்த வாரம், நான் இல்லாத பீரியடிலும் அப்படியே செய்கிறார். பயிலரங்கில் உட்கார வைத்துச் சொன்னால் இது வராது.

ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த வடிவம் என்று பார்க்காமல் இறங்கினால் கெடுதலும் நடக்கும். அந்தக் காது கருவிச் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். காது கருவி ஓரிரு மீட்டர் தூரத்தில், அமைதியான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். சத்தமுள்ள அறையில் அது இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசினால், நிலையத்துக்கு நிலையம் பிள்ளைகளும் பேசினால், எல்லோருக்கும் கலகலப்பான வகுப்பு, அவளுக்கு ஒரே கூச்சல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கும் இந்த இரைச்சல் தாங்காது; பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவதும் பிடிக்காது. அதே இடமாற்றம் கவனம் நிலைக்காத பையனுக்கு வரப்பிரசாதம், எழுந்து நடக்க அனுமதி கிடைக்கிறதே! ஒரே வகுப்பில் இந்த மூவரும் இருந்தால் என்ன செய்வது? நாங்கள் செய்தது: அவளுக்கான நிலையத்தை மட்டும் பக்கத்து அறைக்கு நகர்த்தினோம், அவளோடு கலந்து ஆறு பேர். ஆசிரியர் சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக்கை அந்த நிலையத்தில் இருப்பவரே மாட்டிக்கொண்டார். இருவரும் ஒரே பேச்சாக நடத்திய நாட்களில் அந்த மைக் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒருவர் பேசி முடித்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர் வாயைத் திறக்கலாம். சொல்லப்போனால், எங்கள் பாடம் தெளிவானதே அதற்குப் பிறகுதான்.

நேரம்: வாரத்துக்கு ஒரு முழு பீரியட், இருவருக்கும் பொதுவாக, குறைந்தபட்சம். அது இல்லாத இடத்தில் கூட்டுக் கற்பித்தலைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. சிறப்பாசிரியர் பென்சில் சீவுவதற்குப் படிக்கவில்லை.

பக்கத்தில் ஓர் ஆள்

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். நியாயமான ஆசை. தன் பிள்ளைக்கென்று ஓர் ஆள், கண்ணுக்குத் தெரிகிற உதவி. தலைமையாசிரியருக்கும் நிம்மதி, வகுப்பாசிரியருக்கும் நிம்மதி. இத்தனை பேருக்கு நிம்மதி என்பதே எனக்கு இதன்மேல் சந்தேகம் வரக் காரணம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் 2009 வரை கல்வி ஆய்வாளர் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 8,200 மாணவர்களின் முன்னேற்றத்தை அளந்தார்கள். உதவியாளரிடம் அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்த மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். பிள்ளையின் முந்தைய மதிப்பெண்ணையும் சிறப்புத் தேவையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படியே. உதவியாளர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. எந்தப் பாடம் வரப்போகிறது என்றே தெரியாமல் வகுப்புக்குள் வந்தார்கள், ஆசிரியர் பேசும்போதே கேட்டுப் புரிந்துகொண்டு உடனே சொல்லிக்கொடுத்தார்கள். வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்பதால் விடையைச் சொல்லிவிட்டார்கள். உதவியாளர் வந்ததும் ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு பேசுவது குறைந்துபோனது. அதிகம் உதவி வேண்டிய பிள்ளைக்கு, பயிற்சி குறைந்தவர் கிடைத்தார்.

அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஜியாங்ரெக்கோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-இலேயே இதன் இன்னொரு பக்கத்தை எழுதியிருந்தார்கள். பெரியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருந்தால் மற்றப் பிள்ளைகள் கிட்டே வர மாட்டார்கள், வகுப்பாசிரியர் அவனைத் தன் மாணவனாகவே நினைக்க மாட்டார், பிள்ளையும் எதற்கும் பெரியவர் முகத்தையே பார்க்கும்.

இதை நான் ஒரே நாளில் கண்ணால் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. உதவியாளர் அருமையானவர், குறை சொல்ல முடியாது. அறிவியல் ஆசிரியர் கேள்வியை அவளிடம் கேட்க மாட்டார், உதவியாளரிடம் கேட்பார்: "அவளுக்குப் புரிஞ்சுதா?" உதவியாளர் தலையாட்டுவார். ஒருநாள் உதவியாளர் விடுப்பு. எல்லோருக்கும் கலக்கம். அன்று இரண்டாவது பீரியடில் அந்தப் பெண் திரும்பிப் பின்னால் இருந்தவளிடம், "ரப்பர் குடு" என்றாள். பின்னால் இருந்தவள் ரப்பரைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள், கொடுக்கலாமா என்று கேட்பதுபோல. ஐந்து மாதத்தில் அந்த இருவருக்கும் நடுவே நான் கேட்ட முதல் பேச்சு அது.

ஆனாலும் இந்த வழி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வலிப்பு வரும் பிள்ளை, கழிப்பறைக்கோ சாப்பிடவோ துணை வேண்டிய பிள்ளை, சாலைப் பக்கம் ஓடிவிடும் பிள்ளை ஆகியோருக்கு ஆள் வேண்டும், அதில் பேச்சே இல்லை. சைகைமொழி பெயர்ப்பவர் வேறு வகை, அவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மற்றவர்களுக்கு ஆள் கிடைத்தால், ஆளைப் பிள்ளைக்கு ஒட்டாமல் வகுப்புக்கு ஒட்டலாம். இத்தாலி 1977-இல் சட்டம் இயற்றிச் சிறப்பு வகுப்புகளை மூடியபோது, அங்கே வந்த துணையாசிரியர் ஒரு பிள்ளைக்கென்று இல்லாமல் வகுப்புக்கென்று நியமிக்கப்படுபவர். நடைமுறையில் அங்கும் அவரை 'அந்தப் பையனின் டீச்சர்' ஆக்கிவிடும் இழுப்பு உண்டு. ஆனாலும் விதி சரியான பக்கம் இருக்கிறது. ஆளை வகுப்புக்கு ஒட்டினால் அவர் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பத்து நிமிடத்தில், ஆசிரியரே அந்தப் பிள்ளையிடம் உட்காரலாம்.

உதவியாளரால் படிப்பு உயர்ந்த இடமும் ஒன்று உண்டு. பயிற்சி கொடுத்து, ஒரு வகுத்த பாடத்தொகுப்பைக் கையில் கொடுத்து, 20 முதல் 50 நிமிடம் வரை, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, 8 முதல் 20 வாரம் வரை சிறு குழுவாக நடத்தச் சொன்னபோது, மூன்று நான்கு மாதப் படிப்புக்கு ஈடான கூடுதல் முன்னேற்றம் கிடைத்ததை இங்கிலாந்தின் கல்வி அறக்கட்டளை ஒன்று 2015-இல் தொகுத்து வெளியிட்டது. அதாவது, ஆள் அதே ஆள்தான்; கையில் கொடுத்த வேலைதான் வேறு.

பின்னால் நின்று யோசனை சொல்வது

இதற்குக் கூட்டங்களில் மதிப்பே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலை. சிறப்பாசிரியர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு அதிகப் பிள்ளைகளைத் தொடக்கூடிய வழி இதுதான்.

அப்படி ஒரு நாற்பது நிமிடத்தைக் காட்டுகிறேன். நான்காம் வகுப்பு ஆசிரியை அடுத்த வாரத்துக் கணக்கு ஒர்க்‌ஷீட்டோடு வந்தார். இருபது வாக்கியக் கணக்குகள். ஒரு வெள்ளைத் தாளை மூன்றாகக் கோடு போட்டோம்: எதைக் கற்பிக்கிறோம், எங்கே இடறும், யார் என்ன மாற்றுவது. நான் கேட்ட முதல் கேள்வி: "மிஸ், இதுல நீங்க பாக்க வேண்டியது வாசிப்பையா, கழித்தலையா?" கழித்தலைத்தான் என்றார். அப்படியானால் வாசிக்க வராத இரண்டு பேருக்குக் கணக்கை யாராவது படித்துச் சொல்லலாம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கவனம் நிலைக்காதவனுக்கு இருபது எதற்கு? ஒரே வகைக் கணக்கு ஐந்தைந்தாக இருந்தது, வகைக்கு இரண்டு போதும், எட்டாயிற்று. அந்த எட்டையும் ஒரு தாளில் நான்கு, இன்னொரு தாளில் நான்கு என்று பிரித்தோம். இரண்டாவது தாளை வாங்க அவனே எழுந்து வர வேண்டும். ஆட்டிசம் உள்ள பையன் 'மீதி', 'எவ்வளவு அதிகம்', 'இன்னும் எத்தனை வேண்டும்' மூன்றும் ஒரே கழித்தலைத்தான் கேட்கின்றன என்பதில் மாட்டிக்கொள்வான் என்று அவரே சொன்னார், எனக்கு அது தோன்றவில்லை. மூன்றுக்கும் ஒரே படம் வரைந்து பலகையில் ஒட்டுவதாக முடிவாயிற்று. அந்தப் படத்தை வகுப்பில் பாதிப் பேர் பார்த்துப் போட்டார்கள்.

மாற்றியது நான்கு விஷயம், புதிதாகச் செலவு ஒன்றும் இல்லை. அந்த ஆசிரியைக்குப் பாடம் தெரியும், எனக்கு இடறும் இடம் தெரியும், சில சமயம் இது தலைகீழாகவும் இருக்கும். தனித்தனியாக எங்கள் இருவராலும் அந்தத் தாள் வந்திருக்காது.

இதிலும் கோளாறு உண்டு. சுமை முழுவதும் வகுப்பாசிரியர் தலையில் ஏறுகிறது. சிறப்பாசிரியர் வகுப்பைப் பார்க்காமலே யோசனை சொன்னால் அது புத்தக யோசனையாக இருக்கும். "முன் வரிசையில் உட்கார வையுங்கள்" என்பதை எத்தனை முறை கேட்பது? ஒருமுறை பார்ப்பது, ஒருமுறை பேசுவது என்று ஜோடியாக வைத்தால்தான் சரிவரும். அப்புறம், வாசிப்பு அடிப்படையே இல்லாத பிள்ளைக்கு எத்தனை ஒர்க்‌ஷீட்டை மாற்றினாலும் வாசிப்பு வந்துவிடாது. அவனுக்கு அந்தச் சின்ன மேசை வேண்டும்.

அந்தப் பதினான்கு பேர்

இனி முடிவு. வாரத்துக்கு நாற்பது பீரியட் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு, பதிவேடு, பெற்றோர் சந்திப்புக்கு ஆறு போகட்டும். வாசிப்புச் சிக்கல் உள்ள ஆறு பேரை மூவர் மூவராகப் பிரித்து, வாரத்துக்கு நான்கு முறை தனி அறை: எட்டு. நம் பட்டியலில் மிகக் கடினமான கலவை இரண்டு வகுப்புகளில் இருக்கும், ஒன்றில் ஆட்டிசமும் காது கருவியும் கவனச் சிக்கலும் சேர்ந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டில் மட்டும் வாரத்துக்கு நான்கு பீரியட் வீதம் கூட்டுக் கற்பித்தல்: எட்டு. அந்த இரண்டு ஆசிரியர்களோடும் தலா ஒரு பீரியட் திட்டமிடல்: இரண்டு. மீதி நான்கு வகுப்புகளுக்கு வாரம் ஒருமுறை பார்ப்பது, ஒருமுறை பேசுவது: எட்டு. கூட்டினால் முப்பத்திரண்டு. கையில் எட்டு நிற்கிறது, அது பாடப்பொருள் தயாரிக்கவும், தனி அறைப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்குக் குறிப்பு எழுதவும், யாராவது ஒருவன் அழுதுகொண்டு வந்தால் கூட உட்காரவும்.

உதவியாளருக்குப் பணம் இருந்தால்? முதலில் உடல் பாதுகாப்புக்கு ஆள் வேண்டிய பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்பேன். நம் பட்டியலில் இல்லை. அப்படியானால் அவரைப் பயிற்சி கொடுத்து வாசிப்புக் குழுக்களில் ஒன்றை நடத்த வைப்பேன், எனக்கு நான்கு பீரியட் மிச்சம். பெற்றோர் ஒருவர் "என் பையன் பக்கத்தில் யாரும் இல்லையா?" என்று கேட்பார். அவரைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தி முடிவைச் சொன்னால் கோபம்தான் வரும். முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்து, வீட்டில் அவன் எதைத் தானே செய்கிறான் என்று கேட்க வேண்டும். ஷூ லேஸ் கட்டுவான், தங்கைக்குக் கதை சொல்வான் என்று ஒன்று வரும். அது பள்ளியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எட்டு வாரம் கழித்து இதையெல்லாம் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். மதிப்பெண் மட்டும் பார்த்தால் போதாது. தனி அறைப் பையன் திரும்பி வந்ததும் பக்க எண் கேட்கிறானா, பலகையிலேயே பார்த்துக்கொள்கிறானா? கூட்டு வகுப்பில் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை முறை பாடத்தின் முதல் வாக்கியத்தைப் பேசினார்? வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்கிறாரா? நான் ஒரு சின்ன நோட்டில் இந்த மூன்றையும் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

டைம்டேபிள் போடுபவரிடம் முதலில் எழுதிக்கொடுக்க வேண்டியது அந்த இரண்டு திட்டமிடல் பீரியடை. எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு கேட்டால் இரண்டு பேருக்கும் பொதுவான காலி இடம் கிடைக்காது. நாங்கள் ஒரு வருடம் கேட்கத் தவறி, மதிய இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டோம். முதல் வாரம் பேசினோம். இரண்டாவது வாரம் அவருக்கு மைதான மேற்பார்வை. மூன்றாவது வாரம் எனக்கு ஒரு பெற்றோர். நான்காவது வாரத்திலிருந்து நான் மறுபடி பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.